எவரோடு எவரை ஒப்பிடுவது?

"அத்தி வரதரைக் கண்டோம்; அதன்பின் நோய்நொடி எம்மை அண்டவில்லை!" என்று பூரித்துப் பேசுவோர் நமது பெரிய காஞ்சிபுரத்தில் உளர். 2019 சூலைத் திங்கள் முதல் நாள் தொடங்கி 48 நாட்கள், சின்ன காஞ்சிபுரத்துக் கோயிலில் அலைமோதியது கூட்டம். பல மணி நேரம் வரிசையில் நின்று காண வல்லவர் யார்? காலிலே வலுவும், கையிலே வழிச்செலவுக்குக் காசும் உடையவர். பாயிலே கிடந்தவன் வரவில்லை; வர இயலவில்லை! வந்தவனை வராதவனோடு ஒப்பிட்டு வரதனுக்குப் புகழ்மாலை சூட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

பக்தரை மட்டும் பழித்துப் பயனில்லை, தோழர்களே! பகுத்தறிவாளரென மார்தட்டும் நாமும் இதே பிழை புரிகிறோம். கூட்டுறவுச் சங்கத்துப் பட்டு நெசவாளரின் பிள்ளைகள் படிக்கின்றனர், முதலாளியிடம் கூலிக்கு நெய்வோர் பிள்ளைகள் பாதியில் நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். உடனே "சங்கத்தின் சாதனை காணீர்!" என்று மேடையேறி முழங்குவோம். சங்கத்தில் சேர்ந்தவருக்குச் சொந்தத் தறியும், தறி போட இடமுள்ள வீடும், எழுத்தறிவும் முன்னரே இருந்திருந்தால்?

இச்சிக்கலை அவிழ்க்க ரோசன்பாம், ரூபின் எனும் புள்ளியியல் அறிஞர் இருவர் 1983-இல் ஒரு வழி வகுத்தனர். தறி, வீடு, படிப்பு, வயது ஆகிய அனைத்தையும் கொண்டு, ஒருவர் சங்கத்தில் சேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை ஒரே எண்ணாகக் கணிப்பது. நாட்ட மதிப்பெண் எனலாம். சேர்ந்தவருள் 0.6 பெற்றவருக்குச் சேராதவருள் ஏறத்தாழ 0.6 பெற்றவரே இணை. ஒத்தாரை ஒத்தாரோடு நிறுத்திய பின்னரே வேறுபாட்டை அளப்பது.

இம்முறையால் ஜலான், ரவாலியன் என்போர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு நாம் படிக்கத் தக்கது. 1993-94-இல் இந்தியச் சிற்றூர்களில் சுமார் 33,000 குடும்பங்களிடம் திரட்டிய விவரம் அது. குழாய்நீர் பெற்ற வீட்டையும், மற்றவற்றில் அதை ஒத்திருந்தும் குழாய்நீர் பெறாத வீட்டையும் இணைத்துப் பார்த்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, குழாயுள்ள வீடுகளில் குறைந்தே இருந்தது. ஆனால் அந்நலன் ஏழை வீட்டுக் குழந்தையைப் பெரும்பாலும் எட்டவில்லை. குறிப்பாகத் தாய் போதிய படிப்பில்லாதவளாக இருந்த ஏழை வீடுகளில் இந்நிலை காணப்பட்டது. அடுப்பங்கரையே பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் என்று ஓதிய சனாதனிகள், குழந்தையின் வயிற்றிலே எழுதப்பட்ட இத்தீர்ப்பைப் படிப்பார்களா?

எனினும் இம்முறையையும் கும்பிட்டு நிற்க நாம் ஆயத்தமாயில்லை. கேள்வித்தாளில் எழுதியதைத்தான் அது சமன் செய்யும். சாதியின் பெயரை ஒரு கட்டத்தில் குறித்துவிடலாம்; குழாயடியில் எவர் குடம் முதலில் நிரம்புகிறது, எவர் குடம் ஒதுக்கி வைக்கப்படுகிறது என்பதை எந்தக் கட்டத்தில் குறிப்பது? எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து இணை தேடுவதால் ஒப்புமை சில வேளை கெடவும் கூடும் என்று கிங், நீல்சன் இருவரும் 2019-இல் வாதிட்டதும் எண்ணத் தக்கதே.

இதனினும் நம்மை உறுத்துவது பிறிதொன்று. இணை கிடைக்காதவரைக் கணக்கிலிருந்து நீக்குகின்றனர். நீக்கப்படுவோர் எவர்? சங்கத்தில் சேரும் வாய்ப்பே அற்றவர், தறியும் இல்லாமல் தங்க இடமும் இல்லாமல் பிறர் வீட்டில் பாவு பிணைப்பவர், அவரைப் போலச் சேர்ந்தவர் ஒருவருமே இல்லாததால் வெளியே நிற்பார். சங்கத்தால் நன்மை உண்டா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, அவரைக் குறித்த விடையன்று. எத்தனை பேர் இவ்வாறு விலக்கப்பட்டனர், அவர்கள் யாவர் என்பதை ஆய்வின் முதல் பக்கத்திலேயே அச்சிடுக என்று கேட்கிறோம்.