பாபேலின் காலடியில் ஒரு துறைமுகம்

ஆதியாகமம் பதினோராம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கையில் நாம் பெரும்பாலும் கோபுரத்தையே நோக்குகிறோம். பிளெமிய ஓவியர் பீட்டர் புரூகல் 1563இல் தீட்டி, இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ள ‘பாபேல் கோபுரம்’ அதன் காலடியையும் நோக்கச் செய்கிறது. அங்கே இருப்பது சிநெயார் சமவெளி அன்று. பரபரப்பான துறைமுகப் பட்டணம். இடப்புறம் பிளெமிய வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வலப்புறம் கப்பல்கள் சரக்கோடு கரை சேர்ந்துள்ளன. ஓவியர் தொழில் செய்த ஆண்ட்வெர்ப் நகரின் சாயல் இதில் தெளிவு.

இடியோ, மின்னலோ, தேவகரமோ படத்தில் இல்லை. மேல்தளங்கள் மேகத்தைத் தொடுகின்றன. கீழ்த்தளங்களோ இன்னும் முற்றுப்பெறவில்லை. கோபுரம் நகரின் பக்கமாகச் சற்றே சாய்கிறது. நியாயத்தீர்ப்பு வானிலிருந்து வருமுன்பே கட்டடத்திற்குள் குடியிருக்கிறது என்பதே ஓவியரின் வியாக்கியானம்.

வேதபகுதியில் மக்கள் ஒருவரோடொருவர் பேசிக் கட்டத் துணிகின்றனர். அரசன் எவனும் அங்கில்லை. புரூகலோ முன்புறத்தில் ஓர் அரசனை நிறுத்தி, கல்தச்சரை அவன்முன் மண்டியிட வைக்கிறார். ‘நாம்’ என்று தொடங்கிய முயற்சி ‘நான்’ என்பவனிடம் போய்ச் சேர்ந்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. எனினும் ஒரு குறை கூறவேண்டும். பாரந்தூக்கிகளுக்குக் கிடைத்த நுட்பம் தொலைவிலுள்ள தொழிலாளரின் முகங்களுக்குக் கிடைக்கவில்லை. உயரத்திலிருந்து பார்க்கும் நமக்கு அவர்கள் எறும்புகளாகின்றனர். கர்த்தரோ பார்க்கும்படி இறங்கி வந்தார் அல்லவா?

1566இல் ஆண்ட்வெர்ப் வணிகர் நிக்லாஸ் யோங்கலிங்க், வேறொருவரின் 16,000 கில்டர் கடனுக்குத் தம் ஓவியங்களைப் பிணையாக வைத்தார். அப்பட்டியலில் புரூகலின் பாபேல் ஒன்றும் இருந்தது. அது இதுவே என்பது பலர் கருத்து. பெருமையை எச்சரித்த படமே ஈட்டுப்பொருளாயிற்று! 1585இல் அந்நகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. வணிகரும் புராட்டஸ்டண்டாரும் திரளாய் வெளியேறினர்.

செட்டிநாட்டின் நேமத்தான்பட்டி வீதிகளில் நடக்கையில் இப்படம் நம் நினைவில் எழுந்தது. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்திலிருந்து வந்தோர் என்பது அவர்தம் மரபு. பர்மாத் தேக்கும், இத்தாலியப் பளிங்கும், பெல்ஜியக் கண்ணாடியும் கப்பலேறி வந்து செட்டிநாட்டு வீடுகளாயின. 1930களின் விலைவீழ்ச்சியில் பர்மிய உழவரின் நிலங்கள் கடனுக்குக் கைமாறின. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது கடன் கொடுத்தவரும் அனைத்தையும் விட்டு நடந்தனர். பூட்டிய கதவுகளைக் காட்டி, ‘இது பெருமையின் பலன்’ என்று பிரசங்கிப்பது எளிது. அவ்வாறு செய்வோமாயின் நாமும் அந்த உயரத்தில் ஏறி நிற்போம்.

பாபேலின் பாவம் தங்களுக்குப் பேர் உண்டாக்க விரும்பியது. நம் ஆலயங்களின் பிரதிஷ்டைக் கல்வெட்டுகளை வாசித்துப் பாருங்கள். பேராயர், போதகர், பொருளாளர் பெயர்கள் உண்டு. கொத்தனார், சித்தாள் பெயர்கள் இல்லை. நம் பெயரும் அத்தகைய கற்கள் சிலவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது.