தஞ்சமும் தொண்டும்: வேதநாயகம் பிள்ளையின் பஞ்சக் கீர்த்தனை

ஆரணியை அடுத்த களம்பூரில் தறி ஓசை நின்றுபோன வீட்டை அடையாளம் காண்பது எளிது. பட்டு நூல் வந்தால்தான் பாவு ஏறும். சேலை முடிந்தால்தான் கூலி கிடைக்கும். நூலையும் சரிகையையும் தருகின்ற முதலாளியை நம்பியே கூலிக்கு நெய்பவரின் அடுப்பு எரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வேலை நின்றுபோன நெசவாளர் ஒருவர் ஒரு மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். முன்பணமாக வாங்கிய தொகையைக் கேட்டு நெருக்குகிறார்கள் என்றார். "மனுசன நம்பி இன்னா சார் ஆவப் போவுது?" என்று சொல்லி நிறுத்தினார்.

நான் உடனே திருப்பாடல் 146-ஐ எடுத்து விளக்கினேன். ஆள்வோரையும், மீட்க வலிமையற்ற மானிடரையும் நம்பாமல் ஆண்டவரை மட்டுமே நம்பவேண்டும் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனையைக் கடந்த பிறகே, அவர் தேடி வந்தது விளக்கத்தை அன்று, உதவியை என்பது எனக்கு உறைத்தது. இறைவார்த்தையை நான் கதவுக்குத் தாழாக்கியிருந்தேன்.

அந்த உறுத்தலோடுதான் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யை மீண்டும் படித்தேன். 1826-ஆம் ஆண்டு குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அந்நாவலின் புகழ், அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த இக்கீர்த்தனை நூலைச் சற்றே மறைத்துவிட்டது என்று சொல்லலாம். பள்ளியில் நாம் அவரை நாவலாசிரியராகவே அறிகிறோம்; பசித்த மக்களின் நடுவே நின்று பாடியவராக அறிவதில்லை.

அவருடைய பஞ்சப் பாடல்களின் பின்னணியை நாம் மறத்தலாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மக்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில், 1877 சனவரி முதல் நாளன்று தில்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் விழா ஆடம்பரமாக நடந்தது. அதே ஆண்டில் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோருக்குரிய அன்றாடத் தானிய அளவை ஓர் இராத்தலாகக் குறைக்கச் செய்தார். அது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 450 கிராம். அன்றைய வட ஆர்க்காடும் இப்பஞ்சத்துக்குத் தப்பவில்லை. அரிசி விலை ஏறினால் துணி வாங்குவோர் அற்றுப்போவர். ஆகவே பஞ்சம் உழவரோடு நெசவாளரையும் சேர்த்தே வீழ்த்தும். ஆள்வோரை நம்பாதீர்கள் என்னும் வேதவாக்குக்கு வரலாறே விளக்கவுரை எழுதிய காலம் அது.

அக்காலத்தில் வேதநாயகர் பாடிய பஞ்சக் கீர்த்தனை ஒன்றின் பல்லவி இரண்டே செய்திகளைச் சொல்கிறது: பஞ்சத்தைத் தீர்க்க வேண்டும் என்ற முறையீடு, இறைவனையன்றி வேறு புகலிடம் இல்லை என்ற அறிக்கை. பாடலின் ஆற்றல் இந்தச் சுருக்கத்தில் இருக்கிறது. பசித்தவனுக்கு நீண்ட வாக்கியம் பேச மூச்சு இராது. பல்லவி மீண்டும் மீண்டும் பாடப்படுவது. எனவே அவ்வறிக்கையும் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் திரும்பத் திரும்ப வருகிறது. இறைவனை அவர் சமயப் பெயர் எதுவும் சூட்டாமல் அழைப்பதும் கருதத்தக்கது. கஞ்சிக்குக் காத்து நிற்கும் வரிசையில் சைவர், வைணவர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இல்லை. நூற்பெயரில் உள்ள 'சமரசம்' இங்கே கொள்கையாக நில்லாமல் வாழ்வின் தேவையாகிவிடுகிறது.

இப்பாடலுக்கு எதிராக ஒரு வினாவை எழுப்பலாம். வேறு புகலிடம் இல்லை என்று வானத்தை நோக்குவது, தானியக் கிடங்குகளின் திறவுகோலை வைத்திருந்தவர்களைக் குற்றத்திலிருந்து தப்பவிடாதா? வினா நியாயமானதே. அந்தப் பல்லவி ஆட்சியாளரின் பொறுப்பைப் பேசவில்லை. தம் 'நீதிநூலில்' கைக்கூலியைக் கடிந்த முன்சீப்பின் குரல் இதில் ஒலிக்கவில்லை. இதனைக் குறை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், இறைவனை நம்பியவர் கைகட்டி இருந்தார் என்று மட்டும் எவரும் சொல்ல இயலாது. பஞ்ச காலத்தில் வேதநாயகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். அந்த ஈகையைக் கண்டு நெகிழ்ந்து, நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கிய சிவபக்தராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். இவ்விரு பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். வேதநாயகரின் பாடல் மனிதனைப் புகலிடமாக ஏற்கவில்லை. பாரதியாரின் பாடலோ ஒரு மனிதனைப் போற்றுகிறது. இவை முரண் அல்ல. தன்னை மீட்பராக எண்ணாத ஒருவரே, எவரையும் தமக்குக் கடன்பட்டவராக்காமல் கஞ்சி வார்க்க முடியும். இறைவனிடம் தஞ்சம் புகுந்ததால் அவருடைய கைகள் பிறருக்காக ஓய்வுபெற்றன என்று எண்ணுவோர், அவர் பாடலைப் படித்தவர்கள், வாழ்வைப் படிக்காதவர்கள்.

பின்னர் திருப்பாடல் 146-ஐ முழுவதுமாகப் படித்தேன். அன்று திண்ணையில் நான் மூன்றாம் வசனத்தோடு நிறுத்தியிருந்தேன். திருப்பாடலோ அங்கே நிற்கவில்லை. நம்பத்தக்க அந்த ஆண்டவர் யார் என்று தொடர்ந்து சொல்கிறது: ஒடுக்கப்பட்டோருக்கு நீதி வழங்குபவர், பசித்தோருக்கு உணவளிப்பவர், அநாதைகளையும் கைம்பெண்களையும் தாங்குபவர். அத்தகைய இறைவனை நம்புகிறேன் என்று சொல்பவன், அவர் செய்கின்ற வேலையைக் கண்டு ஒதுங்கி நிற்க முடியாது. மனிதர்மேல் நம்பிக்கை வைக்காதே என்பது, மனிதரைக் கைவிடு என்று பொருள்படாது. என் விளக்கத்தில் இருந்த பிழை இதுதான்.

மறுவாரம் அன்பியத்தார் சிலரோடு அந்த நெசவாளரின் வீட்டுக்குப் போனேன். முன்பணக் கடனை எங்களால் தீர்க்க முடியவில்லை. தவணைக்காகப் பேச உடன் சென்றோம்; இரண்டு மாதத்துக்கு அரிசி ஏற்பாடு செய்தோம். பிறகு அவர் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். தறி இன்றும் அவர் வீட்டில் குழியோடு இருக்கிறது. அவருக்கு நாங்கள் புகலிடம் ஆகிவிடவில்லை, ஆகவும் முடியாது. வேதநாயகரின் பல்லவியை இப்போது பாடும்போது, அதன் முறையீட்டில் எனக்கும் ஒரு வேலை இடப்பட்டிருப்பதாகவே கேட்கிறது.