பிரைஸ் விளிம்பில் ஓட்டம்

கோடையில் தனியாகக் கார் ஓட்டிப் போய், கூடாரத்தில் தூங்கி, விடிந்ததும் ஓடுவதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரைஸ் கேன்யனுக்கு ஈடாக இன்னொரு பூங்காவை என்னால் சொல்ல முடியாது. 1928-இல் தேசியப் பூங்காவானது. வடக்கு முகாமிலிருந்து பள்ளத்தின் விளிம்புக்குச் சிறிது தூரம்தான். சுமார் 8,000 அடி உயரம். ஜூலையிலும் விடியற்காலை குளிரும், சீக்கிரம் மூச்சு வாங்கும். வேகத்தை மறந்துவிட வேண்டும். கீழே கூட்டங்கூட்டமாகச் செம்பாறைத் தூண்கள். பிளவுகளில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, காலங்காலமாகச் செதுக்கியவை. சன்ரைஸ் முனைக்கும் சன்செட் முனைக்கும் நடுவே பாதை ஏறக்குறைய சமதளம். அங்கே ஓடுவது தனிச் சுகம். கூட்டமாகப் போனால் பேச்சிலேயே அந்தக் காலை கரைந்துவிடும். தனியாகவே போங்கள், எந்தப் பாதையில் ஓடுகிறீர்கள் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.