ஜின்களுக்கு ஓர் அமைச்சகம்

சட்டம் என்பது கண்ணுக்குப் புலப்படுவோருக்கு மட்டும் உரியதா, புலப்படாதோருக்கும் உரியதா என்னும் வினா நம் மதரஸாக்களில் புதிதன்று. அதே வினாவை நாவல் வடிவில் எழுப்பும் ஆங்கில நூலொன்று சில ஆண்டுகளாக நம் வீட்டு இளைஞர்களின் கைகளில் உலவுகிறது. பி. ஜெலி கிளார்க் என்னும் புனைபெயரில் எழுதும் அமெரிக்கப் பேராசிரியர் டெக்ஸ்டர் கேப்ரியல் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட 'எ மாஸ்டர் ஆஃப் ஜின்' என்பதே அந்நூல். அவ்வாண்டின் சிறந்த நாவலுக்குரிய நெபுலா விருதும் அதற்குக் கிடைத்தது. பேய்க்கதை என்று அதை ஒதுக்கிவிடுவோரும் உளர். மந்திரக்கதை என்று மயங்கிப் படிப்போரும் உளர். இரு சாராரும் நூலின் நடுநாடியைத் தொடவில்லை என்பது எம் கருத்து.

கதை நிகழும் இடம் 1912ஆம் ஆண்டின் காஹிரா நகரம். ஆனால் நாம் வரலாற்றில் படித்த காஹிரா அன்று. சில பத்தாண்டுகளுக்கு முன் ஜாஹிழ் என்னும் பெயருடைய சூடானிய ஞானி ஒருவர் இவ்வுலகுக்கும் 'காஃப்' என்னும் மறைவுலகுக்கும் இடையே ஒரு வாயிலைத் திறந்துவிட்டார். அவ்வழியே ஜின்கள் வந்து குடியேறினர். 1882இல் தெல்-எல்-கபீர் களத்தில் உராபி பாஷா தோற்றதும், ஆங்கிலேயர் எகிப்தில் காலூன்றியதும் மெய் வரலாறு. நாவலின் எகிப்தோ ஜின்களின் துணையால் ஆங்கிலேயரை வெளியேற்றி, உலக வல்லரசுகளுள் ஒன்றாய்த் தலைநிமிர்ந்து நிற்கிறது. ஜின்கள் மாளிகை கட்டுகிறார்கள், பொறிகள் சமைக்கிறார்கள், அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். இவர்களை ஒழுங்குபடுத்த அரசாங்கம் ஓர் அமைச்சகமே நிறுவியிருக்கிறது. இரசவாதம், மந்திரம், இயற்கை கடந்த உயிர்கள் ஆகியவற்றுக்கான அமைச்சகம் என்பது அதன் நீண்ட பெயர். அதன் துப்பறியும் அதிகாரி ஃபாத்திமா என்னும் இளம்பெண்ணே கதைத் தலைவி. ஜாஹிழின் பெயரால் இயங்கிய இரகசியச் சங்கம் ஒன்றின் உறுப்பினர்கள், ஆங்கிலச் சீமான் ஒருவரின் மாளிகையில் ஒரே இரவில் எரிந்து மாள்கின்றனர். கொன்றவன் தானே திரும்பி வந்த ஜாஹிழ் என்கிறான். அவன் யார் என்பதை இங்கே கூறுதல் வாசகருக்குச் செய்யும் அநீதி.

ஜாஹிழ் என்ற பெயரை ஆசிரியர் தேர்ந்தது பற்றி ஒரு சொல். பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த மெய்யான ஜாஹிழ், தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில், பாலைவன அரபிகள் சொல்லும் ஜின் கதைகளைத் தனிமையும் அச்சமும் மனத்தில் விளைவிக்கும் மயக்கம் என்று ஆராய்ந்தவர். அத்தகைய ஐயவாதியின் பெயரையே ஜின்களுக்குக் கதவு திறந்தவருக்குச் சூட்டியிருக்கிறார். அறிந்து செய்த குறும்பாகவே தோன்றுகிறது.

நூலின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி ஒன்று சட்டம் பயின்றோரை உவக்கச் செய்யும். பேராசை பிடித்த இரண்டு இளைஞர்கள் பழங்குப்பி ஒன்றைத் திறந்து, அதனுள் உறங்கிய 'மாரித்' இனத்து ஜின்னை எழுப்பிவிடுகின்றனர். உறக்கம் கலைந்த சினத்தில் அவன் அவர்களைக் கொல்லத் துணிகிறான். சாகும் வகையை மட்டும் அவர்களே தேரலாம் என்கிறான். ஃபாத்திமா குறுக்கிட்டு, முதுமையடைந்து படுக்கையில் இயல்பாக வரும் சாவையே இவர்கள் தேர்கின்றனர் என்கிறாள். சொன்ன சொல்லுக்கு ஜின் கட்டுப்பட வேண்டியதாகிறது. ஒப்பந்தத்தின் சொல்லே அதன் எல்லை என்னும் விதியை இதைவிடச் சுவையாகக் காட்ட இயலாது. ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது இது: அந்தக் காஹிராவில் மனிதனுக்கும் ஜின்னுக்கும் இடையே நிற்பது பேரமே, நீதிமன்றம் அன்று. ஜின்னுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு அவன் எங்கே வழக்குத் தொடுப்பான்? அமைச்சகம் அவர்களைக் கண்காணிக்கிறது; வேண்டும்போது சிறைப்படுத்துகிறது; வேலையும் கொடுக்கிறது. அவர்களுடைய முறையீட்டைக் கேட்கும் காஜி ஒருவர் அந்நூலில் எங்கும் அமர்ந்திருக்கக் காணோம்.

இவ்விடத்தில் நம் கிதாபு ஒன்றை நினையாமல் இருக்க முடியவில்லை. ஹிஜ்ரி 769இல் (கி.பி. 1367) காலமான காஜி பத்ருத்தீன் ஷிப்லீ (ரஹ்) அவர்கள் திமிஷ்கில் பிறந்து, ஷாம் நாட்டுத் திராபுலுஸில் நீதிபதியாக இருந்தவர்கள், ஹனஃபீ மத்ஹபினர். ஜின்கள் பற்றிய சட்டங்களுக்கென்றே அவர்கள் 'ஆகாமுல் மர்ஜான் ஃபீ அஹ்காமில் ஜான்' என்னும் தனி நூல் யாத்தார்கள். பிற்காலத்தில் இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அதைச் சுருக்கித் தந்தார்கள். ஜின் இமாமாக நின்றால் அவர் பின்னே தொழுகை கூடுமா? ஜின்களைச் சேர்த்து ஜமாஅத் நிறைவேறுமா? ஜின் அறிவிக்கும் ஹதீதை ஏற்கலாமா? மனிதருக்கும் ஜின்னுக்கும் மணவுறவு செல்லுமா? இன்றைய வாசகர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால் அந்தக் காஜியின் உள்ளம் எந்த அடிப்படையில் நின்று பேசுகிறது என்பதைக் காண வேண்டும். ஜின்கள் 'முகல்லஃப்', அதாவது இறைவனின் ஏவல் விலக்கல்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். கடமை சுமந்தவனுக்கு உரிமையும் உண்டு. அநியாயமாக ஒரு மனிதனைக் கொல்வது எப்படி ஹராமோ அப்படியே அநியாயமாக ஒரு ஜின்னைக் கொல்வதும் ஹராம் என்பது இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோர் உரைத்த முடிவு.

இதற்கு வேர் ஹதீதிலேயே இருக்கிறது. ஓதும் பிள்ளைகள் சிறு வயதிலேயே மனனம் செய்யும் சட்டம் ஒன்று: எலும்பாலும் விட்டையாலும் இஸ்தின்ஜா செய்யலாகாது. ஏன்? எலும்பு ஜின்களின் உணவு. விட்டை அவர்களுடைய கால்நடைகளின் தீவனம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீதில் நாயகம் (ஸல்) அவர்கள் ஜின்களைக் குறிக்க ஆண்ட சொல் 'சகோதரர்' என்பது. காணாத ஓர் இனத்தின் உணவுக்காக, ஒவ்வொரு முஸ்லிமும் தன் கழிப்பறை வரையில் ஒரு கட்டுப்பாட்டை ஏற்கிறான்! எந்த அமைச்சகமும் இதற்குப் பதிவேடு வைக்கவில்லை.

மற்றொன்று, அபூஸயீத் குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் வருவது. அகழ்ப்போர்க் காலத்தில் புதுமணம் புரிந்த இளைஞர் ஒருவர் நண்பகலில் வீடு திரும்பிப் படுக்கையில் சுருண்டு கிடந்த பாம்பை ஈட்டியால் குத்தினார். பாம்பும் மாண்டது, அவரும் மாண்டார், எவர் முந்தி மாண்டார் என்பதே தெரியவில்லை. மதீனாவில் இஸ்லாத்தைத் தழுவிய ஜின்கள் இருக்கின்றனர், ஆதலால் வீட்டுப் பாம்பைக் கண்டால் மூன்று நாள் எச்சரியுங்கள், அதன் பிறகும் தோன்றினாலே கொல்லுங்கள் என்று கட்டளை பிறந்தது. இது மதீனாவுக்கு மட்டுமா, எல்லா ஊர்களுக்குமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது நிற்க. இன்றைய சட்ட நூல்கள் பெருமையோடு பேசும் 'முன்னறிவிப்பு' என்னும் கோட்பாடு இங்கே முழுமையாக இருக்கிறதன்றோ? தண்டனைக்கு முன் அறிவிப்பு, அறிவிப்புக்குக் கெடு, அந்தக் கெடு கடந்த பின்பே செயல். நாவலின் ஃபாத்திமா துப்பாக்கியை உருவுமுன் இப்படி மூன்று நாள் பொறுப்பவள் அல்லள். துப்பறியும் கதைக்கு அவ்வளவு பொறுமை ஆகாது என்பது உண்மையே.

கிளார்க்கின் உலகில் ஜின்கள் சட்டத்துக்குள் வருவது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதால். நம் பிக்ஹில் அவர்கள் சட்டத்துக்குள் வந்தது கண்ணுக்குத் தெரியாதபோதே. இந்த வேறுபாடு சிறிதன்று. ஏட்டில் பெயர் ஏறினால்தான் ஒருவன் உரிமைக்கு உரியவன் என்றால், ஏடு தொலைந்த அன்று அவன் யார்? தாள் இல்லாத காரணத்தால் நாடில்லாதவராய் அலையும் மனிதக் கூட்டங்களை நம் காலம் கண்டுகொண்டுதான் இருக்கிறது.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஜின்னைக் கண்டேன் என்று வாதிப்பவனின் சாட்சியத்தை நிராகரிப்பேன் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பெயரால் அறிவிக்கப்படும் தீர்ப்பு. ஜின்கள் நம்மைப் பார்க்கின்றனர், நாம் அவர்களைப் பார்ப்பதில்லை என்னும் கருத்துடைய அஃராஃப் அத்தியாயத்து வசனம் அதற்கு ஆதாரம். இமாமவர்கள் அடங்கியிருப்பது காஹிராவில்தான். அவர்களுடைய மத்ஹபைப் பின்பற்றும் நீதிமன்றம் நாவலின் காஹிராவில் இருந்திருக்குமாயின், நகரத்தார் ஒருவரின் சாட்சியமும் செல்லாது போயிருக்கும்!

நூலின் மெய்யான வலிமை பிற்பகுதியில் இருக்கிறது. ஸுலைமான் (அலை) அவர்களின் முத்திரை மோதிரம் தகாதவர் கையில் சிக்குகிறது; அதை அணிந்தவர் ஏவியபடியெல்லாம் ஜின்கள் ஆடுகின்றனர். அமைச்சகத்தின் நூலகராய்ப் பல்லாண்டு பணிபுரிந்த ஜின் ஒருவர், தம் சகாக்கள்மீதே கை ஓங்கும்படி வசப்படுகிறார். அதைவிடக் கொடிது, அந்த முத்திரையைப் பற்றி வாய்திறந்து சொல்லவும் ஜின்களுக்கு இயலாமல் இருப்பது. அடிமைத்தனத்தின் ஆழம் விலங்கில் இல்லை; விலங்கு பூட்டப்பட்டதைச் சொல்ல நாவு இல்லாமற்போவதில் இருக்கிறது. இந்நூலாசிரியர் அடிமை முறையின் வரலாற்றைத் தொழிலாய் ஆராய்பவர் என்பதை அறிந்தோர்க்கு இப்பகுதிகள் எங்கிருந்து பிறந்தன என்பது விளங்கும். இங்கே அவர் ஜின்களைப் பற்றி எழுதவில்லை. கப்பலில் ஏற்றி விற்கப்பட்ட மனிதர்களைப் பற்றியே எழுதுகிறார்.

ஆனால் ஒரு மறுப்பு. முத்திரை மோதிரம் கதைகளில் வருவதே தவிரத் திருக்குர்ஆனில் இல்லை. ஸபா அத்தியாயம் ஸுலைமான் (அலை) அவர்களுக்கு ஜின்கள் பணிபுரிந்ததை இறைவனின் அனுமதியால் நிகழ்ந்ததாகச் சொல்கிறது. அதிகாரம் மோதிரத்தில் குடியிருந்தால் அது எவன் கைக்கும் மாறும். அனுமதியில் குடியிருந்தால் மாறாது. அதே அத்தியாயம், நபியவர்கள் ஊன்றுகோலில் சாய்ந்தபடியே உயிர்நீத்ததை அறியாமல் ஜின்கள் உழைத்துக்கொண்டிருந்ததையும், அவ்வுழைப்பு அவர்களுக்குத் துன்பமாய் இருந்ததையும் மறைக்காமல் கூறுகிறது. ஆகவே அவர்களுடைய மனக்குறைக்கு நாவல் இடம் தந்தது பிழையன்று. நபித்துவத்தின் ஆட்சியையும் மோதிரம் திருடியவரின் ஆட்சியையும் வாசகர் மனத்தில் ஒன்றாய்க் கலங்கவிட்டதே குறை. இரண்டு வரிகளில் அதை விலக்கியிருக்கலாம்.

பாதி ஜின்னாய்ப் பிறந்த பெண்ணொருத்தியும் கதையில் வருகிறாள். தன் பிறப்பை மறைத்து வாழும் அவளைக் கொண்டு ஆசிரியர் எவ்வளவோ கேட்டிருக்கலாம்: அவளுடைய வலீ யார், வாரிசுப் பங்கு யாது, தந்தை பெயர் எந்த ஏட்டில்? இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் ஜின் மணத்தை வெறுத்ததாக வரும் அறிவிப்பில் காட்டப்படும் காரணம் இங்கே பொருந்தும். கருவுற்ற பெண்ணிடம் கணவன் யார் என்று கேட்டால் ஜின் என்று விடை வரும். அதனால் குழப்பம் பெருகும் என்று அஞ்சினார்கள். மார்க்கத்தின் வாயிலை மூடவில்லை. மக்களின் நடைமுறையைப் பார்த்தார்கள். நாவல் இவ்வினாக்களை எல்லாம் தாண்டிக் காதலுக்கு ஓடிவிடுகிறது. அக்காதல் இரு பெண்களுக்கிடையே அமைந்தது. நம் நெறி அதை ஏற்பதன்று. பிள்ளைகளிடம் கொடுக்குமுன் பெற்றோர் தாமே படித்துவிடுதல் தகும்.

மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர் தமிழில் 'ஜின் வந்தது', 'ஜின்கள் ஓடின' என்று எழுதுகின்றனர். நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைத்தார். திருக்குர்ஆனோ ஜின்களுள் 'ரிஜால்', அதாவது ஆடவர், உண்டு என்கிறது. 'நஃபர்' என்று மனிதக் குழுவுக்குரிய சொல்லால் அவர்களைச் சுட்டுகிறது. ஏவல் கேட்டு ஈமான் கொண்டவர்களை அஃறிணையில் தள்ள நமக்கு உரிமை அளித்தவர் யார்? இக்கட்டுரையில் 'வந்தனர்' என்றே எழுதியிருக்கிறோம். இந்நூலை எவரேனும் தமிழாக்க முன்வருவாராயின் முதல் பக்கத்திலேயே இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கும்.

அதே ஆசிரியர் 2019இல் வெளியிட்ட 'தி ஹான்டிங் ஆஃப் டிராம் கார் 015' என்னும் குறுநாவல் இதைவிடச் செறிவானது. டிராம் வண்டி ஒன்றைப் பிடித்த தீய ஆவியை ஓட்ட ஹாமிது என்னும் அதிகாரியும், ஒன்ஸி என்னும் கிப்திக் கிறிஸ்தவ இளைஞரும் புறப்படுகின்றனர். ஓட்டுவதற்கு ஆகும் செலவு அலுவலக நிதிக்குக் கட்டுப்படியாகாமல், இறுதியில் 'ஸார்' சடங்கு நடத்தும் ஒரு ஷைகாவிடம் போய் நிற்கின்றனர். அவ்வேளையில் நகரமெங்கும் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுக் கிளர்ச்சி நடக்கிறது. ஆவியை விரட்டுவதற்கு எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் எடுப்பது என்று இரு அரசு ஊழியர்கள் கவலைப்படும் பக்கங்களில் ஆசிரியர் தம் அமைச்சகத்தை மெய்யாகவே உயிர்பெறச் செய்துவிடுகிறார்.