ஓடாத பருவம்

கிறெக் கோஸ் இயக்கிய 'த கிறேற் அலோன்' என்ற விவரணப்படம் 2015ல் வெளிவந்தது. அலாஸ்காவின் நாய்வண்டியோட்டியான லான்ஸ் மக்கியைப் பற்றியது. மக்கி 2022 செப்ரெம்பரில், 52வது வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். அதன் பிறகு இப்படத்தை மீண்டும் பார்த்தபோது, முதல் தடவை நாம் கவனியாது விட்ட ஒன்று உறுத்தத் தொடங்கியது. நோயுற்ற ஒருவரைப் பற்றிய படம் இது. ஆயினும் அவர் தேறுகிற காலத்தில் அதிக நேரம் தங்கி நிற்க இதற்குப் பொறுமை இல்லை.

ஒவ்வொரு மார்ச் மாதமும் நடக்கும் இடிற்றறொட் ஓட்டம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நீளமானது. மலைத்தொடரையும் உறைந்த ஆறுகளையும் கடலோரப் பனிவெளியையும் தாண்டி நோம் என்ற சிறு நகரில் முடிவடைகிறது. மக்கி குடும்பத்துக்கு அது குலத்தொழில் மாதிரி. 1978ல் தந்தை டிக் மக்கி ஒரேயொரு விநாடி வித்தியாசத்தில் றிக் ஸ்வென்சனை வென்றார். 1983ல் மூத்த மகன் றிக் வென்றார். 2007ல் லான்ஸ். மூவரும் வென்றபோது அணிந்திருந்த இலக்கம் 13. மூவருக்கும் அது ஆறாவது முயற்சி. இப்படியொரு கதை கையில் அகப்பட்டால் எந்த இயக்குநர்தான் விடுவார்?

2001ல் முதன்முறையாக இடிற்றறொட்டில் ஓடிய லான்ஸுக்கு அந்த ஆண்டிலேயே தொண்டைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பறித்துக்கொண்டன. தண்ணீர் குடித்துக் குடித்தே உணவை விழுங்க வேண்டியதாயிற்று. 2002ல் வயிற்றில் உணவுக்குழாயுடன் மறுபடி ஓட வந்து, இடைவழியில் விலகினார். பிறகு யூக்கோன் குவெஸ்ற் ஓட்டத்தில் 2005 முதல் 2008 வரை நான்கு வெற்றிகள். இடிற்றறொட்டில் 2007 முதல் 2010 வரை நான்கு வெற்றிகள். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் மனிதர் அவரே. படத்தில் இவை யாவும், பழைய பெருமையை மீட்க அவர் ஓடுகிற இன்னொரு ஓட்டத்தின் ஊடாகச் சொல்லப்படுகின்றன. வெண்வெளியைக் கமரா பார்க்கும் விதம் உயர்ந்தது. மக்கியின் கரகரத்த குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கும் பண்பும் உண்டு. இவற்றை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

எமது கேள்வி வேறு. போட்டிப் பதிவுகளில் மக்கியின் பெயருக்கு எதிரே 2002 இருக்கிறது, 2004 இருக்கிறது. 2003 இல்லை. அந்த வருடம் அவர் ஓடவில்லை. வாழ்க்கையை ஓட்டங்களால் எண்ணுகிற ஒரு கதைக்கு 2003 என்பது வெற்றுத்தாள். ஆனால் நாய்ப்பட்டிக்கு வெற்று வருடம் என்று ஒன்று கிடையாது. வண்டியோட்டி படுக்கையில் கிடந்தாலும் நாய்களுக்குத் தினமும் தீனி வைக்க வேண்டும், பாதங்களைப் பார்க்க வேண்டும், குட்டிகளை வாரில் பழக்க வேண்டும். பனி விழுமுன்பே நாற்சில்லு வண்டிகளை இழுக்கவிட்டு இலையுதிர் காலப் பயிற்சி தொடங்கிவிடும். வண்டியோட்டிக்கு இயலாதபோது இன்னொருவர் வண்டியின் பின்னால் ஏறி நிற்பார். வலப்பக்கம், இடப்பக்கம் என்ற அதே கட்டளைகளை இன்னொரு குரல் சொல்லும். தான் வளர்த்த நாய்கள் அந்தக் குரலுக்குத் திரும்புவதை யன்னலருகே இருந்து பார்ப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதிதான்.

இதையெல்லாம் காட்டியிருந்தால் உருக்கம் கூடியிருக்கும் என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. கதையின் காரணகாரியமே அங்குதான் இருக்கிறது. ஓட்ட நாய் ஒன்றின் நல்ல வயது சில ஆண்டுகளே. 2007ல் ஐந்தாறு வயதில் உச்சத்தில் ஓடிய நாய் எதுவானாலும் 2001, 2002 வாக்கில் குட்டியாகவே இருந்திருக்கும். அதாவது வெற்றி விளைந்தது அவர் நோயுற்றிருந்த வருடங்களில். மன உறுதியால் நோயை வென்றார் என்று சொல்லிவிடுவது எளிது. அந்த வருடங்களில் வாளி தூக்கியவர்கள் யார், வைக்கோல் பரப்பியவர்கள் யார் என்று கேட்டால் கதை ஒருவருடையதாக இராது.

படத்தின் பெயரிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. அது 1907ல் வெளிவந்த றொபேட் சேர்விஸின் கவிதையொன்றில் வரும் தொடர். பெருந்தனிமை என்று கொள்ளலாம். ஆனால் நாய்வண்டியோட்டம் தனிமையான காரியமல்ல. அதன் விதிகளே அதற்குச் சாட்சி. களைத்த அல்லது காயப்பட்ட நாயை வண்டியில் ஏற்றி அடுத்த தங்கிடம் வரை சுமந்து போகவேண்டும். அங்கே மிருக வைத்தியர் பொறுப்பேற்பார். பிறகு விமானத்தில் அனுப்பிவைப்பார்கள். அதற்குப் பதில் வேறு நாய் சேர்க்க முடியாது. ஒருதடவை 24 மணிநேரமும் இரண்டு தடவை எட்டு மணிநேரமும் கட்டாய ஓய்வு. நாய்களை இப்படி ஓடவிடுவதே கொடுமை என்று சொல்வோர் உண்டு. அந்த வாதம் தீர்ந்துவிடவில்லை. என்றாலும், காயப்பட்டது ஓடக்கூடாது, அதைச் சுமப்பது மற்றவர் கடமை என்ற தெளிவு இந்த விதிகளில் இருக்கிறது. வண்டியின் பின்னால் நிற்கிற மனிதரைப் பற்றிய கதைகளில் அந்தத் தெளிவு இல்லை. அவர் காயத்தோடு ஓடினால் வீரர்.

1985ன் கதையும் இப்படித்தான். சூசன் புச்சரின் நாய்களுக்குள் ஒரு மூஸ் மான் புகுந்து இரண்டைக் கொன்று, பதின்மூன்றைக் காயப்படுத்தியது. அவர் விலகினார். புயலுக்குள் துணிந்து இறங்கிய லிபி றிடில்ஸ் அந்த வருடம் வென்று முதல் பெண் வெற்றியாளரானார். 1986ல் புச்சர் வென்றார். இரண்டு வெற்றிகளையும் எல்லோரும் சொல்கிறார்கள். இடையே அந்தப் பதின்மூன்று நாய்களும் என்னவாயின என்று கேட்பவர் குறைவு.

கரி போல்சனின் 'வின்ரர்டான்ஸ்' (1994) இவ்விடத்தில் ஒப்பிடத் தக்கது. 1983ல் இடிற்றறொட்டில் ஓடிய போல்சன், பின்னர் இருதய நோயால் நாய்களைக் கைவிட நேர்ந்தது. நூலை எழுதியது அதற்குப் பிறகு. அதனால்தானோ என்னவோ, அதில் வெற்றியின் தொனி இல்லை. தன் அறியாமையைத் தானே சிரித்துச் சொல்கிறார். தனக்குக் கற்றுக்கொடுத்தவை என்று நாய்களை மதிக்கிறார். ஓட முடியாமற்போனவர் எழுதிய ஓட்டம் அது. கோஸின் படத்தைவிட அந்நூல் எமக்கு நெருக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதில் எமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். பனி எமது எழுத்திலும் நிறைய விழுந்திருக்கிறது. 1994ல் வந்த புலம்பெயர் சிறுகதைத் தொகுப்பின் பெயரே 'பனியும் பனையும்'. பெரும்பாலும் அந்தப் பனி தனிமைக்கும் அந்நியத்துக்கும் குறியீடாகவே நின்றது. நோர்வேயின் வடகோடியில், ஆண்டுதோறும் அல்ற்றா நகரிலிருந்து நாய்வண்டிகள் புறப்படுகிற அதே பின்மார்க்கில், எம்மவர் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். முதுகு முறிந்து வீட்டில் இருந்துவிட்டவர்கள் எந்த நாட்டிலும் எம்மிடையே உண்டு. எமது கதைகளிலோ காயப்பட்டவர் ஒன்றில் தியாகி, அல்லது மீண்டெழுந்து கடை திறந்தவர். யன்னலருகே இருப்பவருக்கு இடமில்லை. அவருக்குப் பதிலாக இரண்டு வேலை செய்கிற மனைவிக்கும் இடமில்லை. கோஸின் படத்தில் நாம் காணும் குறை எமது பக்கங்களிலும் இருக்கிறது.

படம் வெளிவந்த அதே 2015ன் ஓட்டத்தில் நடந்ததொன்று படத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. குளிரில் இரத்தவோட்டம் குன்றி லான்ஸின் கைகள் செயலிழந்தன. அவ்வாண்டு ஒரு வண்டியில் பதினாறு நாய்கள் வரை பூட்டலாம். பதினாறு நாய்களுக்கு அறுபத்துநான்கு பாத உறைகள். விரல்கள் இயங்காத ஒருவரால் அவற்றைக் கட்ட முடியாது. அதே போட்டியில் ஓடிக்கொண்டிருந்த தம்பி ஜேசன், தன் ஓட்டத்தை விட்டுக்கொடுத்து அண்ணனோடு கூடவே வந்தார். இருவரும் பின்வரிசையில் நோம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஓட்டத்தைப் படமாக்க யாராவது முன்வந்தால் நாம் பார்க்கக் காத்திருக்கிறோம்.