பொகவந்தலாவையில் காதல் நவீனம்

பதினைந்து பதினாறு பிராயத்தில் ஒரு காதல் நவீனத்தை வாசித்து முடித்தவர், அதன் நடையைப் பற்றியோ பாத்திர சிருஷ்டியைப் பற்றியோ முதலில் பேசுவதில்லை. அவன் ஏன் இறந்தான், அவள் ஏன் மன்னித்தாள், இருவரும் முன்னமே ஏன் மனம்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை என்று, கதாசிரியரே எதிரில் உட்கார்ந்திருப்பதைப் போல வழக்குரைக்கிறார். இந்த வழக்கை முதிராத மனத்தின் சலனம் என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள்; பெற்றோர் கெட்டுப்போவதன் அறிகுறி என்று அஞ்சினார்கள்; ஆசிரியர்களோ பாடப் புத்தகத்தினுள் ஒளிந்திருந்த நவீனத்தைக் கைப்பற்றி மேசை இழுப்பறையில் பூட்டினார்கள். இலக்கிய ரசனை என்று நாம் பெருமையோடு பேசும் சக்தி ஒரு மனிதரிடம் கண்விழிக்கும் வேளை இதுவே என்பது என் உறுதியான அபிப்பிராயம். இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளிடம் அது கண்விழிக்கும் விதத்தைக் கவனித்த பின்னர் அவ்வபிப்பிராயம் மேலும் வலுப்பட்டிருக்கிறது.

மேலைநாட்டில் இளையோரின் இத்தகைய வாசிப்பு சற்று முன்னதாகவே மதிப்புப் பெற்றது. 1938இல் லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கப் பேராசிரியை, இலக்கியம் ஏட்டில் மட்டும் முழுமை பெறுவதன்று, வாசிப்பவரின் அனுபவத்தோடு கலந்தே உருப்பெறுவது என்று, இளம்பருவ மாணவரை மனத்திற்கொண்டு எழுதினார். கல்லூரி மாணவியாயிருந்த மோரீன் டேலி எழுதி 1942இல் வெளிவந்த ‘பதினேழாவது கோடை’, பள்ளிப் பருவம் முடியும் வேளையில் அரும்பும் காதலை அப்பருவத்தவரின் குரலிலேயே சொல்லிற்று. ஜூடி புளூமின் ‘ஃபாரெவர்’ 1975இல் வெளியானபோது அதை நூலகங்களிலிருந்து அகற்றுமாறு பெற்றோர் முறையிட்டார்கள். பிள்ளைகள் அதைக் கைமாற்றி வாசித்தார்கள். ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சி இளையோரைப் பற்றியதன்று, காதல் நவீனம் வாசிக்கும் இல்லத்தரசியரைப் பற்றியது. எனினும் வாசிப்பென்பது அப்பெண்கள் பிறருக்கு விட்டுக்கொடாமல் தமக்கென வைத்துக்கொண்ட நேரம் என்ற அதன் முடிபு, தோட்டத் தொழிலாளரின் லயக் குடியிருப்புகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பின்னர் காண்போம்.

தமிழில் இவ்விஷயத்துக்குப் பழைய அடித்தளம் ஒன்று உண்டு. அகத்திணை மரபு தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சூட்டலாகாது என்று விதித்தது. பெயரற்ற அவ்விருவரிடத்தில் கேட்பவர் எவரும் தம்மை வைத்துப் பார்க்க இயன்றது. நவீனம் வந்து பாத்திரங்களுக்குப் பெயரும் ஊரும் தொழிலும் கொடுத்த பின்னரும் வாசகர்கள் அந்தப் பழைய உரிமையைக் கைவிடவில்லை. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ கல்கியில் தொடராக வந்த காலத்தில் அதில் ஊறித் திளைத்தவர்கள், பின்னாளில் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டார்கள். கதையில் இறந்துபட்ட நாயகன் அரவிந்தனை எத்தனையோ வீடுகளில் தொட்டிலிட்டு வளர்த்தார்கள். எந்த விமர்சனக் கட்டுரையும் ஒரு நவீனத்துக்கு இதனினும் பெரிய மறுமொழியைத் தந்ததில்லை. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளியானபோது நிகழ்ந்ததோ வேறு. மழைநாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவியின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் அந்த முடிவை ஏற்றும் எதிர்த்தும் கடிதங்கள் குவிந்தன. தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்னவாகும் என்ற கேள்வியை ஆசிரியரே எடுத்துக்கொண்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நவீனத்தை எழுதினார். அதன் நாயகி கங்கா, தன் கதையைப் போன்ற ஒரு கதையைப் பத்திரிகையில் வாசிப்பவளாகவும் வருகிறாள். வாசகரின் வழக்கு ஒரு நவீனத்தின் பிறப்புக்கே காரணமான இச்சம்பவத்தை இளையோருக்குத் தமிழ் கற்பிப்பவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

இலங்கையில் 1970க்குப் பின் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, சென்னைத் தொடர்கதைகளில் ஊறியிருந்த இளம் வாசகர்களின் கைகளுக்கு வீரகேசரிப் பத்திரிகை நிறுவனத்தின் பிரசுரங்கள் வந்து சேர்ந்தன. நெடுந்தீவுக் கடற்கரையைக் களமாகக்கொண்ட செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, வன்னியின் தண்ணிமுறிப்பில் வாழும் பதஞ்சலியைச் சித்திரித்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ ஆகிய இரண்டும் 1973இல் வெளியானவை. காதல் மயிலாப்பூரிலோ மதுரையிலோ மாத்திரம் நிகழ்வதன்று, காட்டோரக் குடிலிலும் மீன்வாடியிலும் அதே உக்கிரத்தோடு நிகழக்கூடியது என்பதை அவை பிரத்தியட்சமாக்கின. அடுத்த ஆண்டே அதே வரிசையில் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ வந்தபோது, தோட்டமும் அந்த வரிசையில் தனக்குரிய இடத்தைப் பெற்றது.

ஆனால் மலையக எழுத்தில் காதல் எங்கே நிற்கிறது என்று நோக்கின், அது பெரும்பாலும் துயரத்தின் பின்னால் நிற்கிறது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யில் நாயகி வள்ளியின் நெஞ்சம் நமக்குத் தெரிகிறது, ஆயினும் ஒரு சமுதாயம் முழுவதும் ஏமாற்றப்பட்ட வரலாற்றை அவளே சுமக்க நேர்வதால், அவளுடைய காதலுக்கு ஏடுகளில் இடம் குறுகிப்போகிறது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ இதற்கு அருமையான விலக்கு: ஓர் இளம்பெண் பறித்த கொழுந்தின் நிறை மீது எழும் சந்தேகம், கணக்குப்பிள்ளைக்கும் அவளுக்கும் உள்ள அன்பின் மீதான சந்தேகமாகவும் படிகிறபோது, அவள் தன் மானத்தைத் தன் விரல்களின் வேகத்தாலேயே நிலைநாட்டுகிறாள். உழைப்பும் காதலும் ஒரே தராசில் நிறுக்கப்படும் அக்கதைக்கு நிகரானவை மலையகத்தில் மிகச் சிலவே. குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்ட ஒரு சமூகத்தின் எழுத்தாளர்கள் முதலில் அநீதியையே எழுதினார்கள் என்றால், அதைக் குறையென்று கூற எவருக்கும் நா எழாது. எனினும் அத்தோட்டங்களில் காதல் பாடப்படாமல் இருந்ததில்லை; சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்க’ளைப் புரட்டினால், கொழுந்து மலையில் இளம் நெஞ்சங்கள் எத்தனை துணிவோடு பேசியிருக்கின்றன என்பது விளங்கும். பாட்டில் இருந்த அந்தத் துணிவு நவீனத்துக்குள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியில்தான் பொகவந்தலாவைச் சிறுமி தமிழ்நாட்டுக் காதல் கதாசிரியை ரமணிசந்திரனை வாசிக்கிறாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் லய அறைகளான காம்பராக்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தரங்கம் என்பது எளிதில் கிட்டாத செல்வம். அடுப்படியில் தாய், இஸ்தோப்பில் தாத்தா, நடுவில் தம்பிமார் என்றிருக்கும் வீட்டில், தாளட்டை போட்டு மறைத்த ஒரு நவீனமே அவளுக்கென்று உள்ள தனியறை. ராட்வே கண்ட உண்மை இங்கே இன்னும் கூர்மையாகப் புலப்படுகிறது. புத்தகம் ஒன்றாயினும் வாசகர் பலர்; பக்கத்து லயத்து அக்காவிடமிருந்து வந்து, வகுப்புத் தோழியிடம் போய், ஓரங்கள் மடங்கி, கடைசித் தாள் கிழிந்து திரும்புகிறது. முடிவுப் பக்கம் இல்லாத புத்தகத்துக்கு முன்பு வாசித்தவள் வாய்மொழியாக முடிவு சொல்கிறாள்; சொல்லும்போதே தனக்கு உவந்தபடி அதைத் திருத்தியும் விடுகிறாள். பையன்களும் இவற்றை வாசிக்கிறார்கள். வாசித்ததை ஒப்புக்கொள்ள மாத்திரம் கூசுகிறார்கள்.

அப்பெண்கள் எழுப்பும் ஆட்சேபங்களைக் கேட்டால் கதாசிரியர்கள் வியப்படைவார்கள். நாயகனின் பங்களா அவர்களுக்குக் கற்பனை மாளிகை அன்று. தோட்டத்துரையின் பங்களா மேட்டின் மேல் கண்ணெதிரே நிற்கிறது. அவர்களுடைய பாட்டிமாரில் சிலர் அதன் பின்வாசல் வழியாக உள்ளே சென்று பாத்திரம் துலக்கியவர்கள். ஆகவே ஏழைப் பெண் ஒருத்தி அத்தகைய வீட்டின் முன்வாசலால் மணமகளாக நுழையும் காட்சி, நகரத்து வாசகிக்கு இனிய கனவாக மாத்திரம் தோன்ற, இவர்களுக்கு ஒரு வரலாற்றுக் கணக்கு நேர்செய்யப்படுவதைப் போன்ற ஆனந்தத்தையும், அது நடவாது என்ற தெளிவையும் ஒருங்கே தருகிறது. திருமணத்துக்குப் பின் அவளுடைய அம்மா எங்கே போனாள், அப்பா அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாரா என்று கேட்கிறார்கள். நாயகன் கையைப் பிடித்து இழுத்ததைக் காதலென்று நவீனம் வருணித்தால், கங்காணி செய்தால் அதற்கு வேறு பெயரல்லவா என்று கேட்கும் பெண்களும் உண்டு. இவை முதிராத மனத்தின் கேள்விகள் அல்ல. கொழும்புக் கருத்தரங்குகளில் பெண்ணியம் பற்றிப் பேசுவோர் நீண்ட முன்னுரையோடு வந்து சேரும் இடத்துக்கு இவர்கள் ஒரே அடியில் வந்துவிடுகிறார்கள்.

இவர்கள் தேடும் நவீனம் எது என்பதையும் அக்கேள்விகளிலிருந்தே ஊகிக்கலாம். மழையில் நனைந்து பாடசாலைக்கு நடந்துபோகும் ஒருவனும் ஒருத்தியும், அட்டன் பஸ்ஸின் நெரிசலில் பரிமாறிக்கொள்ளும் குறிப்பேடு, சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த நாளில் ஒருவர் உயர்தரத்துக்கும் மற்றவர் கொழும்புக் கடைக்குமாகப் பிரியும் பிரிவு: இவற்றை மையமாகக்கொண்டு, தோட்டத்தின் துயரத்தை மறைக்காமலும் காதலை அதற்குப் பலியிடாமலும் எழுதப்பட்ட பெருநவீனம் ஒன்று மலையகத்திலிருந்து வரவேண்டும். அதுவரையில் தமிழாசிரியர்கள் இரண்டு காரியங்கள் செய்யலாம். பரீட்சைக்கென எழுதும் இலக்கிய நயத்தோடு, தாம் மறைத்து வாசித்த நவீனத்தின் முடிவை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதும்படி மாணவரைக் கேட்கலாம். கைப்பற்றிய புத்தகங்களை இழுப்பறையிலிருந்து எடுத்து வகுப்பின் அலுமாரியில் வைக்கலாம். பெறுபேறு வந்ததும் அவ்வகுப்பில் பலர் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுவார்கள். ஆகையால் பதினோராம் ஆண்டுக்கு முன்னமே இம்முயற்சி தொடங்கப்பட வேண்டும்.