சிந்து நதிக்கரை மனிதன்

தாந்தேயின் ‘டிவைன் காமெடி’யைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நரகத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுபவை சொர்க்கப் பகுதியின் 19, 20-ஆம் காண்டங்கள். கோட்பாட்டுக்கும் மனசாட்சிக்கும் இடையே அகப்பட்ட ஒரு பெரிய கவி என்ன செய்ய முடியும், எங்கே நின்றுவிடுகிறான் என்பது இங்கேதான் தெரிகிறது.

சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றி அவனுக்குச் சொல்ல அங்கே யாருமில்லை. மனித அறிவுக்கு எட்டியவரை குற்றமற்றவன். ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான். அவனைத் தண்டிப்பது எப்படி நீதியாகும்? தாந்தே நெடுநாள் சுமந்த கேள்வி இது. நீதிமான்களின் ஆன்மாக்கள் கூடி உருவான கழுகு, மனிதப் பார்வையின் குறுகலைச் சுட்டி, வேதத்தின் அதிகாரத்தைச் சொல்லி, கேட்டவனைக் கடிந்துகொள்கிறது. கேள்விக்குக் கவி கொடுத்திருக்கும் பலம் இந்தப் பதிலில் இல்லை.

மனசாட்சியை நம்பலாமா என்று கேட்பார்கள். நியாயம்தான். மதவிரோதி என்று மனிதர்களை எரித்தவர்களில் மனசாட்சி உறுத்தாமல் எரித்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் கையில் வேதமும் இருந்தது. தமிழில் இந்தச் சொல்லே ஒரு தெளிவைத் தருகிறது: அது சாட்சி, நீதிபதி அல்ல. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் பவுலும் இதையே சொல்கிறார். நியாயப்பிரமாணம் பெறாதவர்களின் இருதயத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது, அவர்கள் மனசாட்சி கூடவே சாட்சியிடுகிறது. வேதமே கூண்டில் ஏற்றிய சாட்சியை வேதத்தின் பெயரால் இறக்கிவிடுவது விசாரணை ஆகாது.

தாந்தே இறக்கிவிடவில்லை, சாட்சியை மறைவாகப் பேசவைக்கிறார். அடுத்த காண்டத்தில் அதே கழுகின் புருவத்தில் ரிஃபேயுஸ் என்ற டிராய் நகரத்தான் ஒளிர்கிறான். வர்ஜிலின் காவியத்தில் நேர்மையாளன் என்று சில வரிகளில் வந்து மடிகிறவன், கிறிஸ்துவுக்கு முந்தியவன். அவனுக்குக் கடவுள் முன்னதாகவே விசுவாசத்தை அருளினார் என்று தாந்தே காரணம் காட்டுகிறார். இதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. கவியின் மனசாட்சிதான் ஆதாரம். கோட்பாடும் தப்பியது, ரிஃபேயுஸும் தப்பினான். ஆனால் விதிவிலக்கு ஒருவனைக் காப்பாற்றும், கேள்வியைத் தீர்க்காது. நதிக்கரை மனிதன் அப்படியே நிற்கிறான். ரிஃபேயுஸைப் பாடிய வர்ஜிலோ நரகத்தின் முதல் வட்டமான லிம்போவில்.

தாந்தே இறந்தது 1321-இல். தன் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதவன், கடவுளை உண்மையாகத் தேடி மனசாட்சியின்படி நடந்தால் ரட்சிப்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அறிவித்தது. சாட்சியம் பதிவாக இத்தனை நூற்றாண்டுகள்.

அதனால் இந்தக் காண்டங்கள் பழசாகிவிட்டன என்று நான் நினைக்கவில்லை. சங்கம் தீர்ப்பைத் திருத்தலாம். கவிதையைத் திருத்த முடியாது. அதில் வர்ஜில் இன்னும் லிம்போவில்தான் இருக்கிறான். அது உறுத்தாமல் தாந்தேயைப் படிப்பவன் கழுகின் பதிலை மட்டும் படித்தவன்.